இன்வெர்ட்டருக்குக் கையெழுத்துப் போட்டது யார்?

முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எந்தக் காரியத்தைப் பார்த்தாலும், "இதற்குக் கையெழுத்துப் போட்டது யார்?" என்று கேட்கத் தோன்றும். எங்கள் அலுவலகத்துக்கு நாலு துடைப்பம் வாங்க வேண்டுமென்றால் மூன்று விலைப்புள்ளி, ஒரு அலுவலகக் குறிப்பு, அதிகாரியின் சுருக்கொப்பம், இருப்புப் பதிவேட்டில் பதிவு. அப்படியும் தணிக்கைக்காரர் வந்து, "ஒரு துடைப்பம் குறைகிறதே" என்பார். இத்தனைக்கும் துடைப்பத்தால் யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே நான், ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கினேன். 230 வோல்ட் தயாரிக்கும் பெட்டி. அதை என் வீட்டு வயரிங்கோடு சேர்த்தவர் பெயர் எனக்குத் தெரியாது. எந்த வயரை எங்கே கொடுத்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. கையில் இருந்தது கடை பில் ஒன்றுதான். அதிலும் பேட்டரி நம்பரும் வாரண்டி தேதியும்தான் இருந்தன.

இந்தப் பதிவு கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். கோபம் முதலில் என் மேல். பிறகு, என் வயதுக்காரர்களே, உங்கள் மேலும்தான்.

2014 மே மாதம். ஹாலில் ஓடும் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது. எங்கள் தெருமுனையில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றையும் சரளமாகப் பேசும் ஓசூர்ப் பிள்ளை. மாமாவோடு கூடப்போய்த் தொழில் கற்றவன். கூப்பிட்டதும் வந்தான். இரும்பு ஏணியைப் போட்டான். வீடு துடைத்த ஈரம் தரையில் இன்னும் காயவில்லை.

"சார், லைன் ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"எல்லாத்தையும் இறக்கிட்டேன்பா. தைரியமா ஏறு."

சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. பெரியவர் சொல்லிவிட்டாரே, அப்புறம் சோதித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பான். மேலே ஏறி வயரைப் பிரித்தான். ஒரு சத்தம். ஏணியோடு கீழே விழுந்தான். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, தலையில் தையல். உயிர் பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம். ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன். மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தான். அதன் பிறகும் அந்தக் கையால் ஸ்குரூ டிரைவரை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. தொழிலை விட்டுவிட்டான். இப்போது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி.

நான் பொய் சொல்லவில்லை. போர்டில் இருந்த எம்சிபி எல்லாவற்றையும் என் கையாலேயே கீழே இறக்கினேன். ஃபேன் ஸ்விட்சும் ஆஃபில்தான் இருந்தது. பிறகு எப்படி கரண்ட் வந்தது?

இதைத் தெரிந்துகொள்ள, அரசு சான்றிதழ் பெற்ற ஒரு மேற்பார்வையாளரைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தேன். அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொன்னதைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது.

நான் எம்சிபியை இறக்கியதும் இன்வெர்ட்டருக்குள் போகும் கரண்ட் நின்றது. மின்வாரியக் கரண்ட் போய்விட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அதாவது, ஆபத்தை அணைக்கிறேன் என்று நினைத்து நான் செய்த காரியம்தான் அந்தப் பெட்டியை எழுப்பிவிட்டது. ஹால் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. எனவே அதற்கு 230 வோல்ட் வந்துகொண்டே இருந்தது.

சரி, ஃபேன் ஸ்விட்ச் ஆஃபில் இருந்ததே? இன்வெர்ட்டரைப் பொருத்திய ஆள், மிச்சம் கிடந்த ஒரே நிற வயரை இரண்டுக்கும் இழுத்திருக்கிறார். ஜங்ஷன் பாக்ஸில் சேர்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன. ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஸ்விட்ச் ஃபேஸை வெட்டுவதற்குப் பதில் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும். ஃபேனுக்குள் கரண்ட் அப்படியே நிற்கும். எங்கள் போர்டில் இருந்த எம்சிபிக்கள் ஒற்றைத் துருவ வகை. அவை ஃபேஸை மட்டும் வெட்டும்; நியூட்ரல் தெருக்கம்பி வரை தொடர்ந்துகொண்டிருக்கும். அதனால் இரும்பு ஏணி, ஈரத் தரை, அவன் உடம்பு வழியாகக் கரண்ட் பூமிக்கு இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் வழியாக இன்வெர்ட்டருக்கே திரும்ப வழி கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக ஒன்றும் காட்டினார். இன்வெர்ட்டர் பிளக்கைச் செருகியிருந்த சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருந்தது. அதன் பின்னால் எர்த் வயரே இல்லை. இரண்டு வருடமாக அந்த இரும்புப் பெட்டியின் மேல்தான் என் மனைவி விளக்கேற்றும் தீப்பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாள்.

நாம் எல்லோரும் இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2008 நவம்பரில் பெரிய ஆலைகளுக்கு மின்சாரக் கட்டுப்பாடு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று வெட்டினார்கள். சிப்காட்டில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமின. சின்னப் பட்டறைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தாலே நமக்கு வயிறு எரியும். அப்போது இன்வெர்ட்டர் வாங்காதவன் ஏமாளி. கடைக்காரர்கள் பேட்டரியை லாரியில் இறக்கி, பையன்களை மோட்டார் சைக்கிளில் அனுப்பி, ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு முடித்தார்கள். பில்லில் "ஃபிட்டிங் இலவசம்" என்று போட்டிருந்தது. அந்த இலவசத்தைப் பார்த்துப் பல்லிளித்தவர்களில் நானும் ஒருவன். இலவசமாக வந்தவனிடம், "உன் சான்றிதழைக் காட்டு" என்று கேட்க எவனுக்கு வாய் வரும்?

மின்வெட்டு குறைந்துவிட்டது. ஆனால் அவசரத்தில் இழுத்த வயர் நம் சுவருக்குள் அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு மாடி எடுத்தோம். கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட நாலு ரூம் கட்டினோம். அந்த ரூமுக்கும் கீழ்வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தே ஒரு லைன் இழுத்து, மாதம் நூறு ரூபாய் சேர்த்து வாங்கினோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அங்கே தூங்கும் பையனுக்குத் தன் தலைமாட்டு பிளக்கில் எந்த வழியாகக் கரண்ட் வருகிறது என்று தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நம் ஊர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். ஒரு மெஷினில் பழுது பார்க்க வேண்டுமென்றால் உள்ளே என்ன செய்தீர்கள்? மெயினை அணைத்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "ஆள் வேலை செய்கிறார், தொடாதே" என்று பெயரோடு அட்டை தொங்கவிடவில்லையா? பூட்டிய பிறகும் கரண்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதானே கை வைப்பீர்கள்? அந்த ஒழுங்கையெல்லாம் கேட்டிலேயே செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆலையில் இருக்கும் 230 வோல்ட் கொல்லும், வீட்டில் இருக்கும் 230 வோல்ட் கொஞ்சும் என்றா நினைப்பு?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1956-ஆம் வருடத்து இந்திய மின்சார விதிகளில் 45-வது விதியே இதற்காகத்தான். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி வயரிங்கில் புதிதாகச் சேர்ப்பதோ மாற்றுவதோ எதுவாக இருந்தாலும், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-லும், அவற்றுக்குப் பதிலாக 2023-லும் வந்தன. மத்திய ஒழுங்குமுறை என்பதால் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கிடையாது. சோதனைச்சாவடி லாரிக்குத்தான்.

கவனியுங்கள். அந்தப் பையன் ஃபேனைக் கழற்றியது விலக்குள்ள வேலை. அவன் மேல் குற்றமே இல்லை. இன்வெர்ட்டருக்கு லைன் பிரித்தது விலக்கு இல்லாத வேலை. அதைச் செய்தவருக்கும் செய்ய வைத்த எனக்கும் ஒரு கீறலும் இல்லை. சட்டத்தை மீறாதவன் கை உடைந்தது.

நம் மாநிலத்தில் இந்தச் சான்றிதழ்களைக் கொடுக்கத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. மேற்பார்வையாளர், கம்பியாள், கம்பியாள் உதவியாளர் என்று படிப்படியாகச் சான்றிதழ். கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அறிவிப்பு வந்தால் பத்திரிகையில் ஒரு மூலையில் போடுவார்கள். தேர்வு நடப்பது அரசு ஐடிஐகளில். முறையாகப் படிக்காமல் அனுபவத்தில் தொழில் கற்றவர்களுக்கும் அதில் வழி இருக்கிறது. உங்கள் தெருவில் திறமையான பையன் இருந்தால் அந்த அறிவிப்பை வெட்டி அவன் கையில் கொடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள். விண்ணப்பம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இன்வெர்ட்டருக்கு "ஒந்துலர்" என்று பெயர். அலையை உண்டாக்குவது என்று பொருள். பேட்டரியில் இருக்கும் கரண்ட் அசையாத குளம் மாதிரி. 12 வோல்ட், ஒரே திசை. அதை நொடிக்கு 50 அலை வீதம் எழுப்பி, 230 வோல்ட்டாக உயர்த்தி வெளியே அனுப்புகிறது அந்தப் பெட்டி. "பேட்டரிதானே, 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று சொல்பவர்கள் குளத்தைப் பார்த்துவிட்டு அலையை மறந்துவிடுகிறார்கள். வெளியே வருவது மின்வாரியம் தரும் அதே 230 வோல்ட்தான்.

என் சித்தப்பா மகன் பாரிசுக்கு வெளியே 1980-களில் வீடு கட்டினார். வீடு முடிந்தும் குடிபோகவில்லை. ஏன் என்று கேட்டேன். "கோன்சுயேல் காகிதம் வரவில்லை, அது வந்தால்தான் கரண்ட் கொடுப்பான்" என்றார். அங்கே 1972-லிருந்து அப்படி ஒரு சட்டம். வயரிங் விதிப்படி இருக்கிறது என்று செய்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோன்சுயேல் என்ற அமைப்பு அதில் முத்திரை வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புது இணைப்பு. 15 வருடத்துக்கு மேல் பழைய வயரிங் உள்ள வீட்டை விற்பதென்றால், 2009 முதல் மின் பரிசோதனை அறிக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போது நான் சிரித்தேன், வெள்ளைக்காரனுக்குக் காகிதப் பைத்தியம் என்று. காகிதத்தில் பிழைத்த எழுத்தர் சிரித்த சிரிப்பு அது.

அவர் ஊர்ப்பக்கம் வந்தபோது இன்னொன்று சொன்னார். அங்கே நீல வயர் என்றால் நியூட்ரல். இங்கே வீட்டு வயரிங்கில் வழக்கமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல், பச்சை எர்த். அதே சமயம் நம் கடையில் வாங்கும் சாமான்களின் ஒயரிலேயே பழுப்பும் நீலமும் வருகின்றன. அதில் நீலம் நியூட்ரல். இரண்டு நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில் வீட்டைக் கொடுப்பது, மாத்திரை நிறத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் கம்பவுண்டரிடம் உடம்பைக் கொடுப்பது போல.

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நடைப்பயிற்சி நண்பர்கள் மூன்று பதில் சொல்வார்கள்.

"பத்து வருஷமா ஓடுது சார், ஒண்ணும் ஆகலையே" என்பது முதல் பதில். என் வீட்டிலும் இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. தப்பான வயரிங் தப்பு என்று சொல்லிக்கொண்டு ஓடாது. ஃபேஸும் நியூட்ரலும் மாறினாலும் பல்பு எரியும். எர்த் இல்லாவிட்டாலும் டிவி பாடும். யாராவது ஏணியில் ஏறுகிற நாள்தான் அதற்குத் தணிக்கை நாள்.

"லைசன்ஸ் ஆளைக் கூப்பிட்டால் ஆயிரம், இரண்டாயிரம் கேட்பான்" என்பது அடுத்தது. கேட்பார். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபத்தில் பலூன் கட்டியவனுக்கு நாம் கொடுத்தது எவ்வளவு? அந்தப் பையனின் ஆஸ்பத்திரிக்கு நான் கட்டியதில் பத்து முறை வயரிங் செய்திருக்கலாம். அதற்கப்புறமும் கை திரும்பவில்லை.

மூன்றாவது, "இப்போதுதான் கரண்ட் கட்டே இல்லையே". மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் நிறுத்துகிறார்களே, அது என்ன? அன்றைக்கு யார் கம்பத்தில் ஏறுகிறார்கள்? ஊர் முழுக்க லைன் செத்திருக்கும் அந்த நேரத்தில்தான் நம் வீட்டுப் பெட்டிகள் எல்லாம் கரண்ட் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. இன்வெர்ட்டரின் வெளிவரும் லைனும் மின்வாரிய லைனும் எங்காவது ஒட்டிக்கொண்டால், நம் வீட்டிலிருந்து சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குக் கரண்ட் திரும்பிப் போகும். முழுத் தெருவின் சுமை தலையில் விழுந்தால் சின்ன இன்வெர்ட்டர் உடனே மடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் லைன்மேன் நம் வீட்டு ஃபியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கிவிட்டு சர்வீஸ் வயரைத் தொட்டால்? அப்போது சுமை ஏதும் இல்லை. வயர் முழு உயிரோடு அவர் கையில் இருக்கும். பெரிய ஜெனரேட்டர் என்றால் இன்னும் மோசம். டிரான்ஸ்ஃபார்மர் திசை பார்க்காது. கீழிருந்து 230 கொடுத்தால் மேலே உயர் அழுத்தமாக்கி அனுப்பும்.

அந்த மின்வெட்டுக் காலத்தில், ஒரு வயரின் இரண்டு நுனியிலும் த்ரீபின் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதை வீட்டு சாக்கெட்டிலும் செருகிய புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் செருகியதும் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் 230 வோல்ட். அப்படி ஒரு வயர் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் இன்றே வெட்டி எறியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மாடியில் வைக்கும் சோலார் விஷயத்தில் அரசு எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது பாருங்கள். லைனோடு இணையும் சோலார் இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிட வேண்டும். வெயில் கொளுத்தும்போதும் வீடு இருட்டாக இருக்கிறதே என்று சோலார் போட்டவர்கள் அலுத்துக்கொள்வார்கள். கம்பத்தில் இருப்பவரின் உயிருக்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஹால் மூலையில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரை எட்டிப்பார்க்க எந்த அதிகாரியும் வருவதில்லை. வராத இடத்தில் நாமே அதிகாரியாக இருக்க வேண்டியதுதான்.

என்ன பார்க்க வேண்டும்? எனக்கு அந்த மேற்பார்வையாளர் செய்து கொடுத்ததை எழுதுகிறேன். நீங்களே திருப்புளியை எடுக்க அல்ல; வருகிற ஆளிடம் கேட்க.

முதலில், இன்வெர்ட்டருக்குப் போக வேண்டிய லைட், ஃபேன்களை போர்டிலேயே தனியாகப் பிரிக்க வேண்டும். அந்த சர்க்யூட்டுகளின் ஃபேஸ் மெயின் லைனிலிருந்து முழுவதும் கழற்றப்பட்டு, இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஃபேஸில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே சமயத்தில் இருக்கவே கூடாது. மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீடுகளில் இது உயிர்நாடி. வேறு வேறு ஃபேஸில் இருந்த அறைகளை இன்வெர்ட்டரில் சேர்க்கும்போது பழைய ஃபேஸ் ஒன்று கழற்றப்படாமல் நின்றுவிட்டால், இரண்டு ஃபேஸ் மோதி 400 வோல்ட் விளையாடும்.

இரண்டாவது, நியூட்ரல். ஃபேஸ் வயரை மட்டும் இழுத்துவிட்டு, நியூட்ரலுக்குக் கையில் கிடைத்ததைச் சேர்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் நியூட்ரல் தனியாக வர வேண்டும். மற்ற சர்க்யூட் நியூட்ரலோடு கலக்கக் கூடாது. எர்த் வயரை நியூட்ரலாகப் பயன்படுத்துவது கொலைக்குச் சமம்.

மூன்றாவது, ஆர்சிசிபி. போன கரண்ட் அதே அளவில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். எங்கள் கருவூலக் கணக்கர் மாதிரி. இதில் ஒரு அநியாயம் நடக்கிறது. நியூட்ரல் கலந்திருந்தால் கணக்கு உதைக்கும், ஆர்சிசிபி அடிக்கடி விழும். உடனே வருகிற ஆள் நியூட்ரலைச் சரிசெய்யாமல், "இது கம்ப்ளைன்ட் பீஸ் சார்" என்று ஆர்சிசிபியையே கழற்றிவிட்டுப் போகிறான். தணிக்கைக்காரர் தப்பைக் கண்டுபிடித்தால் தணிக்கைக்காரரை இடமாற்றம் செய்வது போல. இன்னொன்று: மெயினில் இருக்கும் ஆர்சிசிபி, பேட்டரியில் ஓடும் நேரத்தில் காவல் இருக்காது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் வெளிவரும் லைனிலும் ஒன்று வேண்டும். பேட்டரியில் ஓடும்போது அது விழுகிறதா என்று அந்த ஆள் உங்கள் கண்முன் சோதித்துக் காட்ட வேண்டும்.

நான்காவது, எர்த். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் பூமி. பாறையும் வறண்ட மண்ணும் எர்த்துக்கு நல்லதல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் குழியின் தடை 20 ஓம் இருந்தால், ஃபேஸ் உடைந்து பெட்டியில் பட்டாலும் 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. பெட்டியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் நம் ஊரில் ஆர்சிசிபி இல்லாமல் எர்த்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம்.

ஐந்தாவது, வெளிவரும் லைனுக்கு அளவான எம்சிபி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துருவ வகையாக. 900 விஏ இன்வெர்ட்டர் தருவதே 4 ஆம்பியருக்குள்தான். 6 ஆம்பியர் போதும். கீசர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எதுவும் அந்த லைனில் வேண்டாம்.

ஆறாவதுதான் அந்தப் பையனின் கையைக் காப்பாற்றியிருக்கும். மெயினை அணைத்தால் பேட்டரி லைன் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரின் முகப்பு ஸ்விட்சை மட்டும் அணைத்தால், பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் மின்வாரியக் கரண்ட் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மெயின், இன்வெர்ட்டர், அதன் வெளி எம்சிபி மூன்றையும் அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்தே தொட வேண்டும். வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக எவனும் வயரில் கை வைக்கக் கூடாது. நீங்களே அவனிடம், "என் பேச்சை நம்பாதே தம்பி, டெஸ்டரை எடு" என்று சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மெயினை அணைத்துவிட்டு, கையில் ஒரு நோட்டோடு அறை அறையாகப் போங்கள். இன்னும் எது எரிகிறது, எது சுற்றுகிறது, எந்த சாக்கெட்டில் சார்ஜர் வேலை செய்கிறது என்று எழுதுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், பார்த்தால் போதும். நீங்கள் நினைத்த பட்டியலும் நோட்டில் எழுதிய பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாம் சேவையில் இருந்தபோது ஒவ்வொரு மனுவுக்கும் எத்தனை இணைப்பு கேட்டு ஜனங்களை அலைய வைத்தோம்! ஒரு தடவை நல்ல காரியத்துக்கும் கேட்போம்.

என் இன்வெர்ட்டருக்கு மேல் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தெந்த அறை இந்த லைனில் இருக்கிறது, எதை எந்த வரிசையில் அணைக்க வேண்டும், செய்தவர் பெயர், சான்றிதழ் எண், தேதி, கடைசியாக ஆர்சிசிபி சோதித்த நாள். கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே, வீட்டு உரிமையாளர் என்று என் கையெழுத்து. போன பொங்கலுக்கு அந்தப் பையன் மனைவி குழந்தையோடு வந்திருந்தான். நின்று முழுவதும் படித்துப் பார்த்தான். "முன்னாடியே இருந்திருக்கலாம் சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.